கிராஃப்ட் பியருக்குத் தமிழ்: ‘கைவினை’ வேண்டாம், ‘சிற்றடு பியர்’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை தொடங்கிய பேச்சில் கிராஃப்ட் பியருக்கு, அதாவது பெரிய கம்பனியின் பிடியில் இல்லாத சின்ன ஆலைகள் செய்கிற பியருக்கு, இதுவரை நாலு தமிழ்ச் சொல் வந்திருக்கிறது. கைவினை பியர், கலைப்பியர், சிறுவடி பியர், வாற்கள். நாலையும் எழுதிப் பார்த்தேன், வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன், எனக்கு நாலுமே சரிவரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிட்டு என் பங்குக்கு ஒரு சொல்லை வைக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் பியரைப் பற்றித் தமிழில் எழுதுகிறவன். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வந்த அவுஸ்திரேலியர் ஒருவர் தன் பையில் கொண்டுவந்த பேல் ஏல் என்ற வகைப் பியர் ரின் ஒன்றை உடைத்து எனக்கும் ஊற்றித் தந்ததில் தொடங்கிய கதை இது. கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதும் தோடம்பழத் தோலை நகத்தால் கீறினால் வருமே அந்த வாசம், அதற்குப் பின்னால் பச்சைப் புல் மாதிரி இன்னொன்று, மறுகா விழுங்கி முடிந்தும் நாக்கின் அடியில் போகாமல் நிற்கிற ஒரு கசப்பு. பழம் எதுவும் போடவில்லை, எல்லாம் ஹொப்ஸ் என்கிற கொடியின் பூ செய்கிற வேலை என்றார். அதுவரை பியர் என்றால் எனக்குக் குளிரும் கசப்பும் கொஞ்சம் வெறியும், அவ்வளவுதான். இதை நம்மட ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் இரண்டாவது வசனத்திலேயே சொல் இல்லாமல் நின்றேன்.

சரி, ‘கைவினை’. தமிழ்நாட்டு இணையத்தளங்களில் கைவினை பீர் என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம் என்கிறார் கொழும்பு அண்ணன். ஆனால் கைவினை என்றதும் நம்மட ஆட்களுக்கு வருவது பன்னோலைப் பாயும் பெட்டியும். கையால் செய்தது என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். கிராஃப்ட் பியரில் கை முக்கியமே இல்லை. ஜாக் மெக்கோலிஃப் 1976இல் கலிபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைத் தொடங்கியபோது பாவித்தது பழைய பாற்பண்ணைத் தாங்கிகளை. அவருக்கு முன்னோடி என்று சொல்லப்படுகிற ஃபிரிட்ஸ் மேட்டேக் 1965இல் சான் பிரான்சிஸ்கோவில் வாங்கியது மூடப்படும் நிலையில் இருந்த ஆங்கர் என்ற பழைய ஆலையை. இன்றைக்கு இந்த ஆலைகளுக்குள் போனால் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கி, வெப்பமானி, குளிர்நீர்க் குழாய், கணினித் திரை. அமெரிக்காவில் பியர் ஆலைகளின் சங்கம் வைத்திருக்கிற வரைவிலக்கணத்தைப் பாருங்கள்: ஆண்டுக்கு 60 இலட்சம் பீப்பாய்க்கு மேல் போகக்கூடாது, வெளி மதுபானக் கம்பனி எதுவும் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கக்கூடாது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அளவும் உடைமையும்தான். 60 இலட்சம் பீப்பாய் சின்ன அளவா என்று கேட்பீர்கள், அந்த நாட்டுக் கணக்கில் அது சின்னது, அந்த வரம்பை அவர்களே ஒருமுறை உயர்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் யோசனை விளங்குகிறதுதானே? பெரிய கம்பனியின் பிடியில் இல்லாத சின்ன ஆலை, என்ன சுவையில் செய்வது என்பதை அந்த ஆலைக்காரரே முடிவு செய்கிறார்.

‘கலைப்பியர்’ எனக்கு இன்னும் பிடிக்காதது. அது பொருளைச் சொல்லாமல் புகழ்கிறது. கலைச்சொல் புகழக்கூடாது. நம்மட இலங்கையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுசார விளம்பரத்தைத் தடை செய்கிறது, அது நல்ல சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன், எழுதுகிறவன் தன் சொற்களிலும் அந்தக் கவனத்தோடு இருக்க வேண்டும். அதோடு சின்ன ஆலை என்றால் நல்ல பியர், பெரிய ஆலை என்றால் கெட்ட பியர் என்பதும் உண்மை இல்லை. 1881இல் நுவரெலியாவில் வேர்விட்ட லயன் பியர்க் கம்பனி, எந்த வரைவிலக்கணத்திலும் கிராஃப்ட் ஆகாது, இந்த நாட்டிலேயே அதுதான் பெரியது. ஆனால் அவர்களின் ஸ்டவுட் என்கிற கறுத்த பியரை உலகுக்குத் தெரியவைத்தவர் மைக்கல் ஜாக்சன். பாடகர் அல்ல, 2007இல் காலமான ஆங்கிலேயப் பியர் எழுத்தாளர், இந்தத் துறையில் எழுதுகிற எல்லாருக்கும் ஆசான். கறுத்து, கோப்பியும் கசப்புச் சொக்லேட்டும் கலந்த அந்தச் சுவையை அவர் எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர் தேடி வாங்கினார்கள். மறுபக்கம், சின்ன ஆலைப் பியர் கெட்டுப்போய்ப் புளித்த வெண்ணெய் மணத்ததும் நான் குடித்ததுண்டு. ஆகவே சொல் ‘யார், எந்த அளவில்’ என்பதைச் சொன்னால் போதும், ‘எப்படி’ என்பதைக் குடிக்கிறவர் சொல்லட்டும்.

‘சிறுவடி பியர்’ கிட்ட வருகிறது, ஆனால் ‘வடி’யில் சிக்கல். வடித்தல் என்றால் நம்மிடம் சாராயம். வடிசாலை என்று ஏற்கெனவே சாராய ஆலையைத்தான் சொல்கிறோம். காய்ச்சுதல் அதைவிட மோசம், இங்கே மட்டக்களப்பில் ‘காய்ச்சினான்’ என்று சொன்னால் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பத்திரிகையில் வாரத்துக்கு ஒரு செய்தி வருகிறதே, ‘கசிப்பும் கோடாவும் கைப்பற்றல்’ என்று, அந்தச் சொற்கூட்டத்துக்குள் பியரைக் கொண்டுபோய் வைத்தால் மறுகா எடுக்கவே ஏலாது. பியரை வடிப்பதே இல்லை. நொதித்ததை ஆவியாக்கிக் குளிரவைத்துச் சேர்ப்பதுதான் வடித்தல். பியர் நொதித்த இடத்தோடு நின்றுவிடும்.

அப்போ ‘வாற்கள்’? வாற்கோதுமைக் கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, இதை முன்வைத்த கல்முனை அக்காவின் ரசனையை மதிக்கிறேன். ஆனால் கள்ளும் பியரும் செய்முறையில் வேறு வேறு சாதி. தென்னம்பாளையைச் சீவினால் வருவது இனிப்பு நீர், சீனி அதற்குள்ளேயே இருக்கிறது, முட்டி மரத்தில் தொங்கும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசித் தடுத்தால் கருப்பணி, தடுக்காவிட்டால் கள்ளு. காலையில் தவறணையில் குடித்தால் இனிப்பு, பின்னேரம் புளிப்பு. வாற்கோதுமையில் சீனி இல்லை, மாப்பொருள்தான் இருக்கிறது. அதை முளைக்கவைத்து, உலர்த்தி, உடைத்து, சூட்டு நீரில் ஊறப்போட்டுச் சீனியாக மாற்றிய பிறகுதான் மதுவத்துக்கு உண்ண ஏதும் கிடைக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்தது கனடாவில், ஸ்காபரோவில் சித்தப்பாவின் மகன் வீட்டுக் கராஜில். அங்கே தன் வீட்டுப் பாவனைக்குப் பியர் செய்வது சட்டத்துக்கு உட்பட்டது, இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்ய முடியாது, அதையும் சொல்லிவைக்கிறேன். உடைத்த தானியத்தை 66 பாகை நீரில் கொட்டி மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கரண்டி நீரை வெள்ளைப் பீங்கானில் விட்டு அதில் அயடீன் ஒரு சொட்டு. கருநீலம். நம்மட பள்ளிக்கூடத்தில் மரவள்ளித் துண்டில் செய்து காட்டுவார்களே, அதே சோதனை. ஒரு மணித்தியாலம் போய்த் திரும்ப ஒரு சொட்டு விட்டார், இந்த முறை அயடீன் தன் மஞ்சள் கபில நிறத்திலேயே நின்றது. மாப்பொருள் எல்லாம் சீனியாகிவிட்டது. அந்த நீரை வாயில் வைத்தால் சுடச்சுட மோல்ட் பானம் மாதிரித் தித்திப்பு. அதற்குப் பிறகுதான் ஹொப்ஸைப் போட்டு அடுப்பில் கொதிக்கவைத்தார்.

அந்த அடுப்புத்தான் எனக்குச் சொல்லைத் தந்தது. பழைய தமிழில் பியர் செய்வதற்கு வினைச்சொல் இருக்கிறது, அடுதல், அதாவது சமைத்தல். பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்று வருகிறது, வீட்டில் சமைத்த கள். அதே பாட்டில் இன்னோர் இடத்தில் செய்முறையே இருக்கிறது: அரிசியைக் களியாக்கி, வாயகன்ற பாத்திரத்தில் ஆற்றி, அடை சேர்த்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. பனையும் இல்லை தென்னையும் இல்லை, தானியம். இது பியர் குடும்பம்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆகவே என் முன்மொழிவு: கிராஃப்ட் பியர் என்பதற்குச் சிற்றடு பியர். வீட்டில் செய்வதற்கு இல்லடு பியர், அது பாட்டிலேயே கிடைத்தது. செய்கிறவர் அடுநர். பியர் ஆலை அடுசாலை, சின்னது சிற்றடுசாலை. ஊறுகாய், சுடுசோறு என்று நாம் தினமும் சொல்கிற வினைத்தொகைதான், புதிதாக இலக்கணம் ஒன்றும் படிக்கத் தேவையில்லை.

பியரைப் பியராகவே விடுவோம். தோப்பி என்று மாற்றலாம் என்று எனக்கும் ஆசை வந்தது, ஆனால் கடையில் போய்த் தோப்பி கேட்டால் யாருக்கும் விளங்காது. ஹொப்ஸும் அப்படியே, கோப்பியையும் கொக்கோவையும் ஏற்றுக்கொண்ட மாதிரி. மதுவம், நொதியம், நொதித்தல், மதுசாரம் நம்மட பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே நல்ல சொற்களாக இருக்கின்றன, அவற்றை விட்டு ஈஸ்ட், ஆல்ககால் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவும் இந்தக் கிழக்குக் கரையில்தான் இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் அக்கா தனியாக எழுதிக் கேட்டிருந்தார், குடியால் இத்தனை குடும்பம் நாசமாய்ப் போகிற மாவட்டத்தில் இதற்கெல்லாம் சொல் தேவையா என்று. நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். சொல் இல்லாத இடத்தில் எல்லாம் ஒரே ‘தண்ணி’ ஆகிவிடுகிறது. 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியரும் 4 சதவீத ஏலும் ஒரே பெயரில் நிற்கும்போது வெறிதான் ஒரே அளவுகோல். எதைக் குடிக்கிறோம், அதில் எவ்வளவு மதுசாரம் என்று பெயர் சொல்லிக் கதைக்கத் தெரிந்தவர், ஒரு கிளாஸோடு எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து

*

மறுமொழி:

தம்பி, வாசித்தேன். ‘வடி’யைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, நான்தான் அதை முன்வைத்தேன், திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ‘அடு’வில் ஒன்று. தமிழ்நாட்டில் பேக்கரிக்கு அடுமனை என்று பெயர்ப்பலகையே போட்டிருக்கிறார்கள். நமக்கு அது வெதுப்பகம், சிக்கல் இல்லை. ஆனால் உம்முடைய அடுசாலையைச் சென்னையில் ஒருவர் வாசித்தால் பாண் சுடுகிற இடம் என்றல்லவா நினைப்பார்? அடுத்தது, ‘சிற்றடு பியர்’ எழுத்தில் நன்றாக இருக்கிறது, வாயில் கொஞ்சம் தடக்குகிறது. சிற்றாலை பியர் என்றால் இலேசு அல்லவா? அரிசி ஆலை, எண்ணெய் ஆலை எல்லாம் பழகின சொல்.

திருக்கோவில்

*

மறுமொழி:

அண்ணன், அடுமனை எனக்கும் தெரியும், அதனால்தான் மனையை விட்டுச் சாலையை எடுத்தேன். இருந்தாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனியே அடுசாலை என்று வந்தால் குழப்பம் வரலாம். பியர் அடுசாலை என்று சேர்த்தே எழுதுவோம், பாண் நினைப்பு வராது.

சிற்றாலையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆலை என்றால் அரைக்கிறது, பிழிகிறது. நெல்லும் எள்ளும் கரும்பும் அதற்குள் போகும். பியரில் அரைப்பு என்பது முதல் பத்து நிமிட வேலை. மிச்சம் சூடும் நேரமும் மதுவமும். அதோடு, சிற்றாலையில் இருந்து ‘இல்லடு’வுக்குப் போக வழியில்லை. வீட்டில் செய்கிறவரை வீட்டாலைக்காரர் என்றா சொல்வது? ஒரு வினையில் இருந்து ஐந்தாறு சொல் பிள்ளை குட்டியாய் வர வேண்டும், அப்போதுதான் எழுதுகிறவனுக்குக் கை ஓடும். அடு அதைத் தருகிறது.

வாயில் தடக்குவது பற்றி, அது பழக்கம். இரண்டு கிழமை சொல்லிப் பாருங்கள். ஏலுக்கும் லாகருக்கும் மேல்நொதி, அடிநொதி என்று பிரித்து எழுதலாமா என்று வேறொருவர் கேட்டிருந்தார். ஏல் மதுவம் மேலே திரண்டு 20 பாகை அளவில் சில நாளில் முடிக்கும், லாகர் மதுவம் அடியில் படிந்து 10 பாகைக் குளிரில் மெதுவாக வேலை செய்யும், ஆகவே பொருத்தமான சொற்கள்தான், எனக்கு முழுச் சம்மதம்.

அடுத்து ஸ்டவுட் பற்றி எழுதப்போகிறேன். முதல் இடத்தில் ‘கிராஃப்ட் பியர் எனப்படும் சிற்றடு பியர்’ என்றும், அதற்குப் பிறகு சிற்றடு பியர் என்று மட்டும் எழுதுவேன். வறுத்த மோல்ட்டுக்கு மட்டும் இன்னும் சொல் வேண்டும். மோல்ட்டை ‘முளைதானியம்’ என்று எழுதினால் ‘வறுமுளை’ என்று வருகிறது, ஆனால் கேட்கிறவருக்கு வறுமை நினைவுக்கு வருகிறது. கறுப்பாகும்வரை வறுப்பதால் ‘கருமுளை’ என்று வைக்கலாமா? பதில் போடுங்கள்.

கல்லடியிலிருந்து