ஸ்டீராய்டு க்ரீம் போட்டா ரெண்டு நாள்ல செவப்பு அடங்குதே, உள்ள என்ன நடக்குது?

கேள்வி:
அம்மாவுக்கு முழங்கை மடிப்புல எக்ஸிமா (தோல் செவந்து அரிக்கிற வியாதி). ஸ்கின் டாக்டர் பீட்டாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு க்ரீம் ஒரு வாரத்துக்கு எழுதிக் குடுத்தாரு. ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டே கிடந்தவங்க மூணாம் நாளு நிம்மதியா தூங்குறாங்க, போட்ட இடம் லேசா வெளுத்த மாதிரி வேற இருக்கு. இது தோலை மரத்துப்போக வைக்குதா? மிச்சம் இருக்குற டியூப என் தொடையில வட்டமா வந்திருக்குற அரிப்புக்குப் போடலாமா?

பதில் 1:
மரத்துப்போறது இல்லைங்க. ஸ்டீராய்டு கொழுப்புல கரையுற சாமான், அதனால செல்லோட சவ்வைத் தாண்டி நேரா உள்ள போயிடும், அங்க ஒரு ரிசெப்டரோட (மருந்தைப் பிடிச்சுக்குற புரோட்டீன்) ஒட்டிக்கிட்டு, ஜீன்கள் இருக்குற நியூக்ளியஸ் வரைக்கும் போய், வீக்கத்துக்கு ஆள் கூப்பிடுற சைட்டோகைன்களைத் தயாரிக்கிற ஜீன்களை அமுக்கிடும். இன்னொரு பக்கம் அனெக்சின்னு ஒரு புரோட்டீனைக் கூட்டிவிடும், அது அராக்கிடோனிக் ஆசிட் வெளிய வர்றதையே தடுக்கும். வீக்கத்தைத் தூண்டுற ப்ராஸ்டாகிளாண்டின், லூகோட்ரையீன் ரெண்டுக்கும் அதுதான் மூலப்பொருள். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை ப்ராஸ்டாகிளாண்டினை மட்டும் மறிக்கும், இது அதுக்கும் மேலயே வால்வை மூடிடுது. ஜீன் வழியா நடக்குற வேலைங்கறதால பூசுன உடனே தெரியாது, மணிக்கணக்குல ஆகும். வெளுப்பு ரத்தக்குழாய் சுருங்குறதால வர்றது, எவ்வளவு வெளுக்குதுன்னு பாத்துத்தான் க்ரீமோட வீரியத்தையே கணக்கு பண்றாங்க.

பதில் 2:
தொடைக்குப் போட்டுடாதீங்க!! ஓரம் தடிச்சு நடுவுல தெளிவா இருந்தா அது பெரும்பாலும் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. எனக்கும் வந்தப்போ மெடிக்கல்ல கேட்டு வாங்குனேன், க்ளோபெட்டசால்ங்கற வீரியமான ஸ்டீராய்டு கலந்த க்ரீம், நாலு நாள்ல அரிப்பு போச்சு, நானும் குணமாயிடுச்சுன்னு நெனச்சேன். பூஞ்சையை எதிர்த்து நின்ன வீக்கம்தான் அடங்கியிருக்கு, பூஞ்சை ஜாலியா இடுப்பு வரைக்கும் பரவிடுச்சு. வட்டமே கலைஞ்சு போனதால டாக்டருக்கே பாத்ததும் புரியல, செதில் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்துத்தான் சொன்னாரு. தொடை இடுக்குல செவப்புக் கோடு கோடா விழுந்தது இன்னும் போகல.

பதில் 3:
கோடு விழுறது, தோலுக்கு உறுதி குடுக்குற கொலாஜன்ங்கற புரோட்டீன் குறையுறதால. தோல் மெல்லிசாயிடும், அதுவும் மொகம், தொடை இடுக்குல சீக்கிரமா. அம்மாவுக்கு அளவு பாத்துப் போடுங்க: ஆள்காட்டி விரல் நுனியிலேருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்குனா சுமார் அரை கிராம், அது விரல்களையும் சேத்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். எங்க வீட்ல பயந்துக்கிட்டு கடுகளவு போடுவாங்க, அதுவும் பிரயோஜனம் இல்ல.

கேட்டவர்:
இப்பத்தான் லைட் அடிச்சுப் பாத்தேன், ஓரம் தடிச்சுதான் இருக்கு 😬 நாளைக்கு அதே டாக்டர்கிட்ட நானும் டோக்கன் போடுறேன்.