பாதியில் நிற்கும் நாவல்: விடுவதா, தொடர்வதா?

சிப்புட் வாசகி:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் இம்முறை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்திருக்கிறது. பாதிப் பேர் நூறு பக்கத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். யார் பேசுகிறார்கள், எந்த ஊர் என்றே பிடிபடவில்லை என்கிறார்கள். சிலர் 'பொன்னியின் செல்வ'னையும் இரண்டாம் பாகத்தோடு மூடி வைத்தவர்கள். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. புத்தகத்தை மாற்றிவிடலாமா? பொதுவாகவே, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எப்படி முடிவு செய்வது?

ஸ்டோர் கிராணி:
மாற்றாதீங்கம்மா. முதலில் ஒவ்வொருவரிடமும் நின்றுபோன பக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றிருந்தால் சிக்கல் நாவலில் இருக்கிறது, கொஞ்சம் கைகொடுத்தால் தாண்டிவிடுவார்கள். ஆளுக்கொரு பக்கத்தில் நின்றிருந்தால் அது வாசிப்பில் விழுந்த இடைவெளி. நாலைந்து நாள் தொடாத புத்தகத்தில் பெயர்கள் மறந்துபோகும். அப்படிப்பட்டவர்கள் விட்ட வரியிலிருந்து தொடரக் கூடாது. அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போகணும்.

இந்த நாவலில் தடுக்கிவிடுவது காலமும் இடமும்தான். ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதோடு கதை தொடங்குகிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் நாயகன் பாண்டியனின் நினைவு தமிழ்நாட்டுச் சின்னமங்கலத்துக்கும் மதுரைக்கும் போய்விடுகிறது. 'அப்போது', 'முன்பு' என்று அறிவிப்பு எதுவும் இருக்காது, நடு வரியில் தாவும். அதனால் ஒரு தடித்த காகிதத்தைப் பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பக்கம் பெயர்கள்: பாண்டியன், மாணிக்கம், தில்லைமுத்து என்று வருகிற வரிசையில், ஆளுக்கு ஒரு வரி. பின்பக்கம் போர்க்காலத் தேதிகள்: 1941 டிசம்பர் பினாங்கில் குண்டுவீச்சு, 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் வீழ்ச்சி, 1942 மார்ச் மெடானில் ஜப்பானியர், 1943 ஜூலை நேதாஜி சிங்கப்பூர் வருகை, 1945 ஆகஸ்டு ஜப்பான் சரண், அதே மாதம் 17ஆம் தேதி இந்தோனேசிய விடுதலை அறிவிப்பு. இது கையில் இருந்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

மது அருந்திக்கொண்டே பழந்தமிழ் இலக்கியத்தைக் கிழித்துப் போடும் உரையாடல்களில் எல்லாக் குறிப்பும் புரிய வேண்டியதில்லை. முதல் வாசிப்பில் அந்தப் பேச்சின் வேகம் மட்டும் காதில் விழுந்தால் போதும். சிலப்பதிகாரத்தைத் தேடப் போனவர் நாவலுக்குத் திரும்பி வரமாட்டார்! தொங்கான் என்னும் பாய்மரச் சரக்குக் கப்பல் புயலில் சிக்கும் பகுதியை மட்டும் கூட்டத்துக்கு முன்பே ஒருவர் வாய்விட்டு வாசித்துக் குரல்பதிவாக அனுப்பிவிடுங்கள். வாக்கியங்கள் அலையோடு சேர்ந்து ஏறி இறங்குவது காதால் கேட்கும்போதுதான் தெரியும். அதைக் கேட்டவர்கள் புத்தகத்தைத் தேடி எடுப்பார்கள்.

லங்காட் கரை:
'பொன்னியின் செல்வன்' பற்றி மட்டும் சொல்கிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்த தொடர் அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரைக்கும் வாசகரை இழுத்துப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. ஒரே மூச்சில் பதினைந்து அத்தியாயம் படித்தால் அந்தக் கொக்கிகளும் முன்கதை நினைவூட்டல்களும் அலுப்புத் தட்டும். பலரும் நாவல் இழுக்கிறது என்று சொல்வது இந்த அலுப்பைத்தான். நாளுக்கு இரண்டு, மூன்று அத்தியாயம் போதும். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' கடலிலும் புயலிலும் போய் முடிகிறது. அங்கே மூடியவர்கள் மூன்றாம் பாகத்தை எடுப்பதற்கு முன் அந்தக் கடைசிச் சில அத்தியாயங்களை மறுபடி படித்துவிட்டுப் போகட்டும்.

நிரை எண் 12:
எல்லாவற்றையும் முடித்தே ஆகணும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீங்க அக்கா. விடவேண்டிய நாவல்களும் இருக்கின்றன. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, மிச்சம் வருகிற பக்கம் படித்தால் போதும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு முப்பத்தைந்து பக்கம்தான். நியாயமான கணக்கு. ஆனால் சிங்காரம் மாதிரி ஆளுக்கு இந்த அளவுகோல் போதாது, அவருக்கு நூறு பக்கமாவது கொடுங்கள்.

நம்ம ரப்பர் தோட்டத்து நாவல்களுக்கு என்னிடம் வேறு சோதனை இருக்கிறது. வேலையை எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். விடியுமுன்னே பால் வெட்டப் போவது குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும் என்பதால்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரத்தோடு ஓடும், பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு வராது. அதனால் மழைக் காலையில் வெட்டு நிற்கும், அன்றைய வருமானமும் போகும். தோட்டத்துக் குடும்பக் கதைகளின் பாதிக் கண்ணீர் இந்த மழையில் இருக்கிறது. அப்படியிருக்க, கதாநாயகி கொட்டும் மழையில் பால் வெட்டி வாளி நிறையக் கொண்டுவந்தாள் என்று ஒருவர் எழுதினால், அவர் மரத்துப் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. ஒரு பிழைக்காகத் தூக்கிப் போட வேண்டாம். பழைய வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை உருவி எடுக்காமலே வெட்டத் தொடங்குவது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் செய்கிறதைக் கணக்கெழுதும் கிராணி செய்வது என்று இப்படி மூன்று நான்கு பிழைகள் ஐம்பது பக்கத்துக்குள் வந்தால், அதே கவனக்குறைவு மனிதர்களை எழுதுவதிலும் இருக்கும். தயங்காமல் மூடிவிடலாம்.

விடும்போது கடைசித் தாளில் பென்சிலால் பக்க எண்ணும் காரணமும் எழுதி வையுங்கள். இரவல் புத்தகம் என்றால் தனிச் சீட்டில். 'சலிப்பு' என்று மட்டும் எழுதினால் பிறகு ஒன்றும் விளங்காது. 'பெயர் குழப்பம்', 'நேரமில்லை', 'மொழி தட்டை' என்று தெளிவாக இருக்கணும். முதல் இரண்டும் மறுபடி எடுக்கவேண்டியவை.

சிப்புட் வாசகி:
நன்றிங்க. பக்க எண் கேட்டுவிட்டேன். நிறுத்தியவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் மதுரை நினைவுப் பகுதியிலேயே நிற்கிறார்கள். புத்தகத்தை மாற்றவில்லை. காகிதம் தயாராகிறது. அந்த ஒருவர் நின்றது வேலை நேரம் மாறியதால், அவருக்குக் குரல்பதிவை முதலில் அனுப்புகிறோம்.

ஸ்டோர் கிராணி:
பதிவு பத்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் தொங்கான் புறப்படும் இடத்திலிருந்து தொடங்கட்டும், புயலிலிருந்து வேண்டாம். கடல் அமைதியாக இருக்கும் பக்கங்கள் முன்னால் வந்தால்தான் புயலின் அடி தெரியும்.