கெர்னல் லாகில் வரும் வரி சோர்ஸில் தேடினால் கிடைக்கவில்லை, எப்படி ஆவணப்படுத்துவது?

சர்வர்_காவல்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் அலுவலகத்தில் இரவு ஷிஃப்டில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் ஒரு செய்தி வந்தால் அது எதனால் வருகிறது, உடனே என்ன செய்ய வேண்டும், விடியும்வரை காத்திருக்கலாமா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்வதால் கெர்னலின் சோர்ஸை (மூல நிரலை) படித்தே எழுத நினைத்தேன்.

ஆனால் முதல் படியிலேயே நிற்கிறேன். "ஏடிஏ3.00: ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்" என்ற வரியை க்ரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கட்டளை) செய்தால் ஒன்றும் வரவில்லை. "அவுட் ஆஃப் மெமரி: கில்ட் ப்ராசஸ்" என்பதும் அப்படியே. சோர்ஸ் நான் ஓட்டும் அதே பதிப்புதான், சரிபார்த்துவிட்டேன். இன்னொன்று, கையேட்டில் ஃபைல் பெயரும் வரி எண்ணும் குறித்தால் போதுமா?

கெர்னல்_வாசகன்:
நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். திரையில் பார்க்கும் வரி முழுசாக சோர்ஸில் எங்கேயும் இருக்காது, ஓடும்போதுதான் துண்டு துண்டாகச் சேர்கிறது.

உங்கள் ஏடிஏ (டிஸ்க் இணைப்பு முறை) வரியையே பாருங்கள். முன்னால் உள்ள "ஏடிஏ3.00:" ஒரு மேக்ரோ ஒட்டுவது. அதில் 3 என்பது போர்ட், 00 என்பது அந்தப் போர்ட்டில் உள்ள சாதனம். கடைசியில் உள்ள "ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்" வேறொரு அட்டவணையிலிருந்து வருகிறது. டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளை எண் 0x60 என்றால் அந்தப் பெயரை எடுத்துக் கொடுக்கும். நடுவில் உள்ள "ஃபெயில்ட் கமாண்ட்:" மட்டும்தான் நிலையான பகுதி. அதை டிரைவர்ஸ் அடைவில் ஏடிஏ பகுதிக்குள் தேடினால் லிப்ஏடிஏவின் (ஏடிஏ டிஸ்க்குகளைக் கவனிக்கும் கெர்னல் பகுதி) பிழை கையாளும் ஃபைலில் கிடைத்துவிடும். எண், பெயர், முகவரி எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு மாறாத இரண்டு மூன்று சொற்களைத் தேடுங்கள். செய்திச் சரத்தை 80 எழுத்துக்காக இரண்டு வரியாக உடைக்கக் கூடாது என்று கெர்னலின் எழுத்து விதிகளே சொல்கின்றன. இப்படித் தேடுபவர்களுக்காகத்தான் அந்த விதி.

கிடைத்தபின் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். அதே ஃபங்ஷனில் சற்றுக் கீழே "எரர்:" என்று தொடங்கும் இன்னொரு வரியை அச்சிடுகிறார்கள். ஐசிஆர்சி, யூஎன்சி, ஏபிஆர்டி போன்ற குறிகள் அதில்தான் வரும். இரவு ஷிஃப்ட்காரருக்கு வேண்டிய செய்தி உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ஐசிஆர்சி என்றால் டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தரவு சிதைந்திருக்கிறது, முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். யூஎன்சி என்றால் டிஸ்க்கால் அந்த செக்டாரைப் படிக்க முடியவில்லை, பேக்கப்பைப் பார்க்க வேண்டும். "ஃபெயில்ட் கமாண்ட்" வரியை மட்டும் பார்த்து "டிஸ்க் போச்சு" என்று எழுதினால் நல்ல டிஸ்க்கைக் கழற்றி வைப்பார்கள்.

மெமரி செய்தியும் இதே கதைதான். எம்எம் அடைவில் ஊம்_கில் (ஊம் என்பது அவுட் ஆஃப் மெமரியின் சுருக்கம்) ஃபைலில் "%எஸ்: கில்ட் ப்ராசஸ்" என்றுதான் எழுதியிருக்கும். %எஸ் என்பது ஓடும்போது வேறு சொற்கள் நிரம்பும் இடம். "அவுட் ஆஃப் மெமரி" என்ற சொற்கள் அழைக்கும் இடத்திலிருந்து வருகின்றன. அங்கே போய்ப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: "மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி" என்றும் அதே வரிக்குள் வரலாம். முதலாவதில் பெரும்பாலும் மெஷின் முழுக்க நினைவகம் தீர்ந்திருக்கும். இரண்டாவதில் ஒரு குழுவுக்கு, உதாரணமாக ஒரு கன்டெய்னருக்கு, வைத்த வரம்பு மட்டும் தாண்டியிருக்கும். மெஷினில் பாதி ரேம் சும்மா கிடக்கலாம். கையேட்டில் இவை இரண்டும் தனித்தனிப் பதிவாக வர வேண்டும்.

வரி எண் அடுத்த அப்டேட்டிலேயே மாறிவிடும். ஃபார்மேட் சரம் (%எஸ் போன்ற இடங்களோடு சோர்ஸில் உள்ள செய்தி வாசகம்), ஃபங்ஷன் பெயர், கெர்னல் பதிப்பு, இந்த மூன்றையும் குறியுங்கள். காரணம் புரியாவிட்டால் கிட் லாகை (சோர்ஸின் மாற்ற வரலாற்றைக் காட்டும் கட்டளை) -எஸ் விருப்பத்தோடு அந்தச் சரம் கொடுத்து ஓட்டுங்கள். எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) அது நுழைந்தது என்று காட்டும். ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு அந்த கமிட் குறிப்பைவிட நல்ல விளக்கம் வேறெங்கும் கிடைப்பது அபூர்வம்.

பதிவின் அமைப்புக்கு மாதிரி வேண்டுமென்றால், ஐபிஎம் தன் மெயின்ஃப்ரேம் லினக்ஸுக்கு வெளியிடும் கெர்னல் செய்தித் தொகுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு செய்திக்கும் தீவிரம், விளக்கம், பயனர் செய்ய வேண்டியது என்று போட்டிருப்பார்கள். நான் பார்த்ததில் இதுதான் சிறந்த வடிவம்.

லாக்_பிரியை:
மேலே சொன்னதோடு ஒன்று. 2021-இல் வந்த 5.15 கெர்னலிலிருந்து பிரிண்ட்கே இண்டெக்ஸ் என்ற வசதி இருக்கிறது (பிரிண்ட்கே என்பது கெர்னல் செய்திகளை அச்சிடும் ஃபங்ஷன்). பில்ட் செய்யும்போது அதை இயக்கியிருந்தால் டீபக்எஃப்எஸ்ஸுக்குள் (கெர்னலின் உள்விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) பிரிண்ட்கே அடைவில் எல்லாச் செய்திகளின் ஃபார்மேட் சரமும் ஃபைல், வரி, ஃபங்ஷன், லெவல் விவரத்தோடு கிடைக்கும். மாட்யூலுக்கு ஒரு ஃபைல், ரூட் அனுமதி தேவை.

அப்டேட்டுக்கு முன் ஒரு பிரதி, பின் ஒரு பிரதி எடுத்து, வரி எண்களை நீக்கிவிட்டு டிஃப் போட்டு (இரண்டையும் ஒப்பிட்டு) பாருங்கள். எந்தச் செய்தியின் வாசகம் மாறியது என்று தெரியும். இது அவசியம். 4.x காலத்தில் ஊம் செய்தி "கில் ப்ராசஸ் ... ஆர் சேக்ரிஃபைஸ் சைல்ட்" என்று வரும். இப்போது "கில்ட் ப்ராசஸ்". பழைய வாசகத்தை நம்பி எழுதிய அலர்ட் விதி சத்தமில்லாமல் செயலிழந்துவிடும்.

சர்வர்_காவல்:
இருவருக்கும் மிக்க நன்றி. "கில்ட் ப்ராசஸ்" என்று மட்டும் தேடியதும் கிடைத்துவிட்டது. முதல் பதிவு இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

"தீவிரம்: உயர். பொருள்: நினைவகம் தீர்ந்ததால் கெர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றது. செய்ய வேண்டியது: கொல்லப்பட்ட ப்ராசஸ்தான் நினைவகத்தைத் தின்றது, அதன் குழுவுக்குச் சொல்லவும்."

கெர்னல்_வாசகன்:
முதல் இரண்டும் சரி, மூன்றாவதை மாற்றுங்கள். அதிக நினைவகம் வைத்திருப்பதைத்தான் கெர்னல் பொதுவாகத் தேர்ந்தெடுக்கும். ஆனால் ஊம்_ஸ்கோர்_அட்ஜ் (ஒவ்வொரு ப்ராசஸுக்கும் நாம் வைக்கக்கூடிய கூட்டல் கழித்தல்) மதிப்பும் கணக்கில் சேரும். -1000 வைத்த ப்ராசஸை எவ்வளவு தின்றாலும் தொடாது. அதனால் செத்தது ஒன்று, தின்றது வேறொன்றாக இருக்கலாம்.

"கில்ட்" வரிக்குச் சற்று மேலே எல்லா ப்ராசஸ்களின் பட்டியலும் அச்சாகியிருக்கும், அதையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் ரேமில் பிடித்திருக்கும் அளவு) நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கையாக இருக்கும், கேபி இல்லை. எக்ஸ்86 மெஷினில் நாலால் பெருக்க வேண்டும். "கில்ட்" வரியிலோ கேபியிலேயே இருக்கும். இதைப் பதிவிலேயே எழுதிவிடுங்கள், இரவு மூன்று மணிக்கு யாரும் அலகு பார்க்க மாட்டார்கள்.