மறு: பீட் எரருக்குத் தமிழில் 'துடிப்புப் பிழை' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம். கடிகாரம் பழுதுபார்ப்பதற்கான நம் கையேட்டில், 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் நேரம் சமமாக இல்லாத குறையான பீட் எரருக்கு (beat error) 'துடிப்புப் பிழை' என்று எழுதலாம் என்ற யோசனைக்கு என் பதில் இது.

> 'துடிப்புப் பிழை' போதுமே. சொல்ல எளிது, கேட்டதும் புரிகிறது.

சொல்ல எளிதுதான். ஆனால் இந்தக் குறிப்பைப் படிக்கப்போகிறவர் பின்மூடியைக் கழற்றிவைத்துவிட்டு, கையில் கருவியோடு உட்கார்ந்திருப்பவர். 'பிழை' என்று பார்த்ததும் கடிகாரம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடுகிறது என்றுதான் நினைப்பார். கூட்டல், கழித்தல் குறி போட்ட ரெகுலேட்டர் நெம்புகோலைத் தள்ளுவார். அதைத் தள்ளினால், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் வேலைசெய்யும் நீளம் மாறி ஓட்டம் மாறும். பீட் எரர் போகாது. அதற்குத் தள்ள வேண்டியது, ஹேர்ஸ்பிரிங்கின் வெளிமுனையைப் பிடித்திருக்கும் ஸ்டட்டைத் தாங்கும் கை. பல கடிகாரங்களில் இரண்டும் பேலன்ஸ் வீலைத் தாங்கும் ஒரே பாலத்தின் மேல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தப்பான பெயர் தப்பான நெம்புகோலுக்குக் கொண்டுபோய் விடும்.

மணிக்கு 21,600 துடிப்பு உள்ள கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 6 துடிப்பு. 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் ஒரே அளவு நேரம் கிடைக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் அதுதான் பீட் எரர். இரண்டையும் கூட்டினால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுவதால், நேரம் தவறாத கடிகாரத்திலும் 3 மில்லிவினாடி பீட் எரர் இருக்கலாம். பாதிப்பு வேறு இடத்தில் தெரியும். நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாலும் தானாகக் கிளம்பாது, ஒரு குலுக்கு குலுக்க வேண்டியிருக்கும். சாவி தளர்ந்து வீச்சு (பேலன்ஸ் வீல் ஆடும் அளவு) குறையும்போது ஓட்டமும் நிலையில்லாமல் போகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாவியை முழுக்கத் தளர்த்திவிட்டு, பேலன்ஸ் வீல் ஓய்ந்து நின்றபின் லூப் (கண்ணில் வைக்கும் உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். வீலின் அடியில் பேலட் ஃபோர்க் என்ற கவட்டை வடிவ உறுப்பை உதைக்கும் சிறு சிவப்புக் கல் ஒன்று உண்டு. வீலின் அச்சையும் ஃபோர்க்கின் அச்சையும் இணைக்கும் நேர்கோட்டில் அந்தக் கல் நிற்க வேண்டும். பீட் எரர் உள்ள கடிகாரத்தில் அது ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பெயரை இந்த நிலையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

> அப்படியானால் 'துடிப்புச் சாய்வு'?

கடிகாரத்தின் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் திரையில் கோடு மேலேறிச் சாய்ந்தால் கடிகாரம் வேகம், கீழிறங்கிச் சாய்ந்தால் மெதுவு. சாய்வு காட்டுவது ஓட்டத்தை. பீட் எரரைக் காட்டுவது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒரே திரையில் இந்த இரண்டையும் குழப்பிவிடுவோம்.

'சமனின்மை'யும் உதவாது. வீலின் ஒரு பக்கம் எடை கூடியிருப்பதற்கு அந்தச் சொல் வேண்டும். 'கோட்டம்' எனக்கு மிகவும் பிடித்த சொல். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுப்பதை அறியாதவர் யார்? ஆனால் பேலன்ஸ் வீலின் விளிம்பும் அதே மாதிரி வளையக்கூடியது. கோட்டம் அதற்கே உரிய சொல், அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை: ஒருக்களிப்பு. ஒருக்களித்துப் படுக்கிறோம், கதவை ஒருக்களித்துச் சாத்துகிறோம். கல் நடுக்கோட்டில் நில்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதை இது அப்படியே சொல்கிறது. விளக்கம் தேவைப்படும் இடத்தில் 'துடிப்பு ஒருக்களிப்பு' என்று எழுதலாம். ஸ்டட் அசையாத பழைய கடிகாரங்களில் வீலைக் கழற்றி, ஹேர்ஸ்பிரிங்கின் உள்முனையில் இருக்கும் காலரைத் திருப்பித்தான் இதைச் சரிசெய்ய முடியும். கை பழகாதவர் தொடக் கூடாத வேலை அது. அங்கேயும் இந்தச் சொல் மாறாமல் பொருந்துகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

"ஒருக்களிப்பு 2.4 மில்லிவினாடி. ஸ்டட் கையை மயிரிழை அளவு நகர்த்தியதும் 0.3க்கு வந்தது."

"முதலில் ஒருக்களிப்பை எடுங்கள், அப்புறம் ஓட்டத்தைத் திருத்துங்கள்." ஸ்டட்டை நகர்த்தினால் ஓட்டமும் கொஞ்சம் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. கையேட்டிலும் ஒருக்களிப்பு, ஓட்டம் என்ற இரண்டு பதிவுகளையும் இதே வரிசையில் வைக்கலாம்.

ஆம்ப்ளிட்யூடுக்கு (amplitude) 'வீச்சு' சரியான சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. ஒருக்களிப்பைவிடச் சின்னச் சொல் யாருக்காவது தோன்றினால், அந்தச் சிவப்புக் கல்லை ஒருமுறை லூப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.