போக்கர் ஆடிப் பழகின ஆள் 304 மேசையில இருக்க என்ன தெரியவேணும்?

கொக்குவில்காரன்:
ஓய்வு நேரத்தில ஒன்லைனில டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் மட்டும்தான் ஆடுறனான். ஆவணியில ஒரு கலியாண வீடு வருது, முதல்நாள் இரவு பெரியாக்கள் முந்நூற்றி நாலுக்கு (ரெண்டு சோடியாய் நாலு பேர் ஆடுற தாள் ஆட்டம்) இருப்பினம். போக்கர் பழக்கத்தில எது இஞ்ச உதவும், எது காலை வாரும்? முதல் வாற நாலு தாளைப் பாத்து, எங்கட சோடி 160 புள்ளி எடுக்கும் எண்டு கேக்கலாமோ எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?

திண்ணைக்கை:
முதல் கண்ணைப் பழக்குங்கோ. 52 தாளில 2 முதல் 6 வரை எடுத்துவிட்டால் 32 மிச்சம், ஒரு இனத்தில எட்டு. புள்ளி எண்டால் ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்டுமில்லை. கூட்டினால் இனத்துக்கு 76, நாலுக்கும் 304. வெல்லுற வரிசையும் இதேதான். பத்து ராசாவை அடிக்கும், போக்கர்காரர் கூடத் தடுமாறுறது இதிலதான். அதால ஏஸ், ராசா, ராணி எண்டு அடுக்காமல், தனிய இருக்கேக்க 32 தாளையும் ஜாக், ஒன்பது, ஏஸ், பத்து எண்டு இனம் இனமாய் அடுக்கிப் பாருங்கோ. பத்துத் தரம் செய்தால் கை பழகிவிடும்.

நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலயும் ஜாக்கும் ஒன்பதும் இப்பிடி மேல ஏறும், ஆனால் துரும்பில (மற்ற இனங்களை வெட்டுற இனத்தில) மட்டும். எங்களிட்ட நாலு இனத்திலயும் அவைதான் தலை. இஸ்கோப்பன் (ஸ்பேட் இனம்) எண்ட சொல்லும் ஒல்லாந்தரிட்ட இருந்து வந்ததுதான்.

அடுத்தது திசை. போக்கரில முறை இடப்பக்கம் போகும், இஞ்ச வலப்பக்கம். முறை தெரியாமல் தாளைக் காட்டிவிட்டால் சோடிக்காரருக்கும் சேர்த்து நட்டம்.

ஆகப் பெரிய வித்தியாசம் பொய்யில இருக்கு. போக்கரில நீங்கள் பொய்க்கு ஏத்த எல்லாரும் விலகினால் பொட் (மேசையில சேர்ந்த காசு) உங்களுக்கு. இஞ்ச எல்லாரும் விலகினால் கேட்ட புள்ளியை நீங்கள்தான் எடுத்துக் காட்டவேணும். பிடிக்காத கையை எறியவும் ஏலாது, எட்டுத் தாளையும் ஆடித்தான் முடிக்கவேணும்.

மூண்டாம்கை:
கேள்விக் கணக்கு போக்கர் தெரிஞ்ச ஆளுக்கு லேசு. முதல் நாலு தாள் கையில இருக்கேக்க நீங்கள் காணாதது 28. ஒரு குறிப்பிட்ட தாள், சொல்லப்போனால் உங்கட இனத்து ஒன்பது, அடுத்த நாலில உங்களுக்கே வர 7 இல 1. சோடியிட்டப் போக 7 இல 2. எதிராளிகள் இருவரிட்டயும் 7 இல 4. ஆகவே “சோடியிட்ட இருக்கும்” எண்டு ஒரு தாளை நம்பிக் கேள்வி ஏத்தாதேங்கோ. நாலு தாளில ஒரு ஜாக்காவது வாற வாய்ப்பு ஏறத்தாழ 43 சதவீதம், அதால ஒரு ஜாக்கைக் கண்டவுடன துள்ளவும் தேவையில்லை.

எட்டுப் பிடிக்கு (ஆளுக்கு ஒரு தாள் போடுற சுற்று ஒரு பிடி) 304 எண்டால் சராசரி 38. நாலு பிடி 152 தான், 160க்கு அதுவும் காணாது. ஜாக், ஒன்பது, அதே இனத்தில இன்னொரு தாள் இருந்தால் 160 தாராளமாய்க் கேக்கலாம். ஜாக்கும் ரெண்டு வெறும் தாளும் எண்டால் சோடியைக் கேக்கவிடுறது நல்லது.

இனிப் பந்தயம். பெரும்பாலான மேசையில 160 முதல் 190 வரை வெண்டால் 1, தோத்தால் 2. 200 முதல் 240 வரை 2க்கு 3. 250க்கு 3க்கு 4. பொட் ஒட்ஸ் (போடுறதுக்கு எவ்வளவு வரும் எண்ட கணக்கு) மாதிரிப் பாத்தால், நட்டப்படாமல் இருக்க 160இல மூண்டில ரெண்டு தரம் வெல்லவேணும், 200இல ஐந்தில மூண்டு தரம், 250இல ஏழில நாலு தரம். வீட்டுக்கு வீடு இந்த எண்ணிக்கை மாறும், இருக்கமுன்னம் கேட்டுக்கொள்ளுங்கோ. எண்ணப் புளியங்கொட்டை காணும், காசு வேண்டாம்.

எட்டுத் தாளும் வந்தபிறகு திரும்பக் கேக்க 250 வேணும். போக்கரில ரீ-ரெய்ஸ் பண்ணுற (ஏத்தினதுக்கு மேல திரும்ப ஏத்துற) கை அந்த இடத்தில துடிக்கும். தலைத் தாள்களை எண்ணிப்போட்டு வாயைத் திறவுங்கோ.

கொக்குவில்காரன்:
நன்றி. குப்புற வைக்கிற துரும்புதான் இன்னும் விளங்கேல்லை. மூடின துரும்பில தாளைக் கவிழ்த்துப் போட்டால் ஆர் பாக்கிறது?

திண்ணைக்கை:
கேட்டவர் மட்டும். கேள்வி நிண்டவுடன அவர் ஒரு தாளைத் தனக்கு முன்னால குப்புற வைப்பார், அதின்ர இனம்தான் துரும்பு. அந்தத் தாளும் அவரின்ர எட்டில ஒண்டு, கையில ஏழோடதான் ஆட்டம் தொடங்கும். எறிஞ்ச இனம் இல்லாதவர் தன்ர தாளைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிய, கேட்டவர் கவிழ்ந்ததைப் பிரிச்சுப் பாப்பார். துரும்பு இருந்தால் குப்புற வைச்சதைத் திறந்து காட்டவேணும், பெரிய துரும்புக்குப் பிடி போகும். இல்லையெண்டால் ஆருக்கும் காட்டாமல் அப்பிடியே மூடிவைப்பார்.

இதில விடுற பிழை புள்ளி ஊட்டுறது. சோடி ஜாக்கைப் போட்டு வெல்லுற பிடியில உங்கட ஏஸையோ பத்தையோ போடுறது சரிதான். ஆனால் உங்களுக்கு முன்னம் எதிராளி கவிழ்த்துப் போட்டிருந்தால் அது வெட்டாய் இருக்கலாம், வெறும் தாளைப் போடுங்கோ. கடைசிக் கை எண்டால், ஆரும் கவிழ்க்காத பிடியில பயமில்லாமல் ஊட்டலாம்.

எல்லாத் தாளையும் ஞாபகம் வைக்க முதல்நாளே முயலவேண்டாம். ஜாக் நாலும் ஒன்பது நாலும் சேர்ந்தாலே 304இல 200. அந்த எட்டையும் துரும்பையும் எண்ணுங்கோ. போக்கரில எதிராளி என்ன வைச்சிருப்பார் எண்டு வட்டம் சுருக்குற பழக்கம் இந்த இடத்தில நல்லா உதவும்: கலாவரை (கிளப்ஸ் இனம்) எறிஞ்ச நேரம் கவிழ்த்தவரிட்டக் கலாவரை இனி இல்லை. கண்சாடை, இருமல் மட்டும் கூடாது, பெரியாக்கள் உடன எழும்பிவிடுவினம்.

பனங்கொட்டை:
தாளைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. ஹோல்டெமில ரெண்டு தாள்தான் கையில, 304இல எட்டை விசிறியாய்ப் பிடிக்கவேணும். போக்கர் அளவுத் தாள் இரண்டரை அங்குல அகலம், பிரிட்ஜ் அளவு இரண்டேகால். வாங்கிறது எண்டால் பிரிட்ஜ் அளவு வாங்குங்கோ. கடதாசித் தாள் மாரிக்கு வளைஞ்சுவிடும், வளைஞ்ச தாளை அடையாளம் பிடிப்பினம். பிளாஸ்டிக் தாள் எண்டால் சவர்க்காரத் தண்ணி நனைச்ச துணியால துடைச்சு, நல்லாக் காயவிட்டு அடுக்கலாம்.

கலைக்கிறதிலயும் கவனம் வேணும். பிடி பிடியாய்ச் சேர்த்த தாளில ஒரே இனம் நாலு நாலாய் ஒட்டிக் கிடக்கும். கையால ரெண்டு தரம் தட்டிவிட்டுப் பகிர்ந்தால் ஒருத்தருக்கே ஒரு இனம் குவியும், மூண்டாம்கை சொன்ன 7 இல 1 கணக்கும் பிழைச்சுப்போம். பாயில குப்புறப் பரப்பி நல்லாக் குழப்பி, பிறகு ரெண்டாய்ப் பிரிச்சு நாலைந்து தரம் கோத்துக் கலையுங்கோ. எடுத்துவைச்ச 20 தாளையும் பக்கத்தில வைக்காமல் பெட்டியில போட்டு மூடுங்கோ. பாயில கிடந்தால் ஒரு ஆறு கட்டுக்குள்ள வந்து, ஆருக்கோ ஒன்பது தாள் போய், அந்த ஆட்டம் முழுக்கத் திரும்பப் போடவேண்டி வரும்.