டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாற வேண்டும்: யாரிடம் உதவி கேட்பது?

வானவில்:
வணக்கம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடத்துக்குள் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாற வேண்டும். எடுத்த ஆன்லைன் வகுப்புகள் எல்லாம் பாதியில் நிற்கின்றன. லிங்க்ட்இன்னில் அனுபவசாலிகளிடம் "எனக்கு வழிகாட்ட முடியுமா?" என்று கேட்டால் பதிலே இல்லை. பெரிய வாட்ஸ்அப் குழுக்களில் லிங்க்தான் குவிகிறது. சரியான ஆட்களை எப்படிப் பிடிப்பது? என் திட்டத்தை எல்லோரிடமும் சொல்லலாமா?

படிக்கல்:
எல்லாவற்றுக்கும் ஒரே வழிகாட்டி என்ற தேடலை முதலில் விடுங்கள். சமூகவியலாளர் ஜேம்ஸ் ஹவுஸ் 1981-இல் ஆதரவை நான்கு வகையாகப் பிரித்தார்: மனதுக்குத் தெம்பு, நேரடி ஒத்தாசை, தகவல், செய்ததைப் பார்த்துச் சொல்லும் கருத்து. நான்கையும் தாளில் எழுதி எதிரே பெயர்களைப் போடுங்கள். வீட்டாரிடம் எஸ்க்யூஎல் (தரவைத் தேடி எடுக்கும் கணினி மொழி) சந்தேகம் கேட்க முடியாது. செவ்வாய், வியாழன் இரவு 8 முதல் 9.30 வரை யாரும் கூப்பிடாத நேரம் கேட்கலாம். பெரும்பாலும் காலியாகக் கிடப்பது நான்காவது இடம்தான். செய்ததை யாரும் பார்க்காவிட்டால் எங்கே தப்பு என்று தெரியாது, வகுப்பும் அப்படியே நின்றுவிடும்.

பதில் வராததற்குக் காரணம், நீங்கள் கேட்டதற்கு அளவே இல்லை. எத்தனை மாதம், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் யார் ஒப்புக்கொள்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். பொதுவில் கிடைக்கும் 12 மாத விற்பனைத் தரவை எஸ்க்யூஎல்லில் தொகுத்து இந்த டாஷ்போர்டைச் செய்தேன். திரும்ப வரும் வாடிக்கையாளர் விகிதத்தை மாதவாரியாகக் காட்டுவதா, காலாண்டுவாரியாகவா என்பதில் குழப்பம். இரண்டு வரியில் சொன்னால் போதும்."

பதில் வந்தால் அவர் சொன்னபடி மாற்றி, இரண்டு வாரத்துக்குள் திரும்ப அனுப்புங்கள். பலர் நன்றி சொல்லிவிட்டுக் காணாமல் போவது இந்த இடத்தில்தான். ஒன்று மட்டும் கவனம்: அலுவலகத் தரவை ஒருபோதும் வெளியே காட்டாதீர்கள்.

கரைவலை:
ஆள் தேடும் இடம் பற்றி. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த வேலைகள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவையே. அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதினார். 2022-இல் சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்விலும், வேலை மாற அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்கள் அல்ல, ஓரளவு பழக்கமானவர்கள். ஆகவே பழைய சக ஊழியர்கள், கூடப் படித்தவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் நிறுவனத்திலேயே தரவுக் குழு இருக்கிறதா? ஒரு எண் எந்த லெட்ஜரிலிருந்து வருகிறது, மாதக் கடைசியில் ஏன் மாறுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய தலைவலி. உங்களுக்கு அது அத்துப்படி. அதை விளக்கிக் கொடுத்து, பதிலுக்கு உங்கள் கொயரியை (எஸ்க்யூஎல்லில் எழுதும் கட்டளை) பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதில்லை.

தினக்குறிப்பு:
எல்லோரிடமும் சொல்லாதீர்கள். "நான் அனலிஸ்ட் ஆகப்போகிறேன்" என்பதை மற்றவர்கள் அறிந்து ஏற்றுக்கொண்டதுமே முயற்சி குறைகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழுவின் 2009 ஆய்வு காட்டியது. முன்னேற்றத்தைச் சொல்வது வேறு விஷயம். 138 ஆய்வுகளைத் தொகுத்த 2016 பகுப்பாய்வில், முன்னேற்றத்தை எழுதிவைத்தோ பிறரிடம் தெரிவித்தோ கண்காணித்தபோது பலன் கூடியது.

அதற்கு 3 அல்லது 4 பேர் போதும். வாரம் ஒருமுறை, 30 நிமிடம்: போன வாரம் முடித்தது, சிக்கிய இடம், அடுத்த வாரம் முடிக்கப்போவது. முடித்ததைத் திரையில் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் கணக்கில்லை. பெரிய குழுவில் நீங்கள் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வானவில்:
நன்றி. அந்த 3 பேரை எங்கே பிடிப்பது?

தினக்குறிப்பு:
உங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே. லிங்க் போடுபவர்களை விடுங்கள், தன் கொயரியையும் வந்த எரர் செய்தியையும் போட்டுக் கேள்வி கேட்பவர்களைக் கவனியுங்கள். தனியாக எழுதி, "4 வாரம் மட்டும் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள். முடிவு தேதி இருந்தால் ஒப்புக்கொள்வது சுலபம், ஒத்துவராவிட்டால் மனக்கசப்பில்லாமல் பிரியலாம். பாதியில் நிற்கும் வகுப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அந்த 4 வாரமும் திறக்காதீர்கள்.