போர்க்கால கடை டோக்கன்: எடை, அச்சு, அழுக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் டோக்கன் கைக்கு வந்தால் முதலில் எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். 1862-ல் சனங்கள் சில்லறையைப் பதுக்கியதும் கடைக்காரர்கள் அடித்துவிட்டவை இவை. பெரும்பாலும் செம்பு, விட்டம் அரசாங்க சென்ட் அளவே, 19 மி.மீ. அந்த சென்ட் 88% செம்பு, 12% நிக்கல், 4.67 கிராம். டோக்கன்கள் பொதுவாக அதைவிட மெலிசு. வெளிறிய நிறமும் 4.67 ஒட்டிய எடையும் இருந்தால், அசல் சென்ட் மேலேயே டோக்கன் அச்சை அடித்திருக்கலாம். விளக்கைச் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: புது எழுத்துக்கு அடியில் பழைய சென்டின் இலைமாலையோ, செவ்விந்தியத் தலைப்பாகை இறகோ நிழலாகத் தெரியும். அது அன்றைய சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்தது, விலையும் அதற்கேற்ப.

*

மேலே சொன்னதோடு ஒன்று. முன்பக்கக் கடைப்பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே முன்பக்கத்துக்குப் பல பின்பக்க அச்சுகள் உண்டு. அரிது எது என்பதைப் பல நேரம் பின்பக்கம்தான் தீர்மானிக்கும். சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஃபுல்ட் பட்டியல் எண்ணில் ஓஎச்165 என்றால் சின்சினாட்டி, எம்ஐ225 டெட்ராய்ட். அப்புறம் கடைக்கான எழுத்து, அச்சு எண், கடைசியில் உலோகம்: ஏ செம்பு, பி பித்தளை, டி செம்பு-நிக்கல். கறுத்த பித்தளையைச் செம்பு என்று விற்பார்கள். தேய்ந்த மேட்டுப் பகுதியில் மஞ்சள் தெரிகிறதா பாருங்கள். அரிதின் அளவு ஆர்1 முதல் ஆர்10 வரை, ஆர்10 என்றால் உலகில் ஒன்றே ஒன்று.

*

புளி போட்டுத் தேய்க்கலாமா என்றால், வேண்டாம் சார், குத்துவிளக்கு இல்லை இது! எலுமிச்சை, சோடா மாவு எதுவும் கூடாது. பழுப்பு மேல்தோல் போய் இளஞ்சிவப்பாகிவிட்டால் மதிப்பும் போச்சு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்த அசிட்டோனில் (நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல) சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் உலர விடுங்கள். பி.வி.சி. உறையில் வைத்தால் பச்சைப் பிசின் பிடித்து அரிக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறை நல்லது.

சில டோக்கன்களில் ‘ஒன் சென்ட்’ பெரிதாகவும் அதற்கு மேலே ‘நாட்’ (அல்ல) பொடியாகவும் இருக்கும். கள்ளக் காசு என்று பிடித்தால் தப்பிக்கத்தான். நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர் பத்து லட்சத்துக்கு மேல் புழக்கத்தில் விட்டதாகச் சொல்வார்கள். டிராம் கம்பெனி தன்னிடம் சேர்ந்ததை மூட்டையாகக் கொண்டுபோய் மாற்றிக் கேட்டபோது கையை விரித்துவிட்டார். தனியார் காசைத் தடைசெய்த 1864 ஏப்ரல், ஜூன் சட்டங்களோடு இந்தக் கூத்து முடிந்தது.

படைமுகாம் கடைக்காரர்களின் 5, 10, 25, 50 சென்ட் டோக்கன்கள் விலை கூடியவை, போலியும் வரும். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு, பரப்பில் சின்னச் சின்னக் குழி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.